மூக்காயி தேய்த்த எண்ணெய்

அன்னவாசலுக்குக் கிழக்கே, பஸ் போகிற சாலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தச் சின்ன ஊரில் போய், மூக்காயி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். "எண்ணெ தேச்சுத் தம்பியைக் கெடுத்தவ" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கையை நீட்டிக் காட்டிவிடும். ஒரு மனுஷிக்கு இப்படியா பெயர் வைப்பது? வைத்தார்கள். வைத்தவர்கள் எல்லாரும் மூன்று வேளையும் சாப்பிட்டு நன்றாகத்தான் இருந்தார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

மூக்காயியின் அப்பா நாகராசு. கொஞ்சம் புன்செய், பங்காளிகளோடு சேர்ந்து ஒரு பங்குக் கிணறு, ஒரு ஜோடி மாடு, அவ்வளவுதான் குடித்தனம். நாகராசு கெட்டவர் இல்லை. கள்ளு குடிக்க மாட்டார், கை நீட்டி அடிக்க மாட்டார், கோயில் காரியத்துக்கு முதல் ஆளாய் நிற்பார். கெட்டவனாக இருந்தால் ஊரே சேர்ந்து திட்டும், நம் மனசும் ஆறும். நல்லவரிடம் மாட்டிக்கொண்டவளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

அம்மாக்காரி, மகன் ஆத்மநாதன் தவழ்கிற வயதிலேயே கண்ணை மூடிவிட்டாள். அப்போது மூக்காயிக்குப் பாவாடை கட்டுகிற வயது. இடுப்பில் தம்பியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் அவள் உலை வைக்கப் பழகினாள். பிறகு அவளுக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. கட்டியவன் ஒரு வருஷம் இருந்துவிட்டுப் பினாங்குக்குக் கப்பல் ஏறினான். அப்புறம் ஜப்பான்காரன் அந்தப் பக்கத்தையெல்லாம் பிடித்துக்கொண்டான் என்று சொன்னார்கள். கடுதாசி நின்றது, பணம் நின்றது, கொஞ்ச நாளில் மாமியார் வீட்டில் சோறும் நின்றது. கழுத்தில் தாலியோடும் கையில் ஒரு செம்போடும் அப்பன் வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வந்தவளை நாகராசு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டுக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த கிழவியை மட்டும் மறுநாளே நிறுத்திவிட்டார்.

அன்றிலிருந்து சாணி அள்ளுவது, சோறு ஆக்குவது, களை எடுப்பது, தண்ணீர் முறை வருகிற நாளில் மடை திருப்புவது எல்லாம் மூக்காயி பாடு. தலைக்கு எண்ணெய் வைக்கக்கூட அவளுக்கு ஞாபகம் இருக்காது. ஞாபகம் வந்தாலும் வைக்க மாட்டாள். யுத்த காலத்தில் எண்ணெய் விற்ற விலைக்கு, வீட்டில் இருந்த கொஞ்ச நல்லெண்ணெயும் வேறொரு காரியத்துக்கு வேண்டியிருந்தது.

அந்தக் காரியம் தம்பியின் கால்.

ஆத்மநாதன் புதுக்கோட்டையில் ஹைஸ்கூல் படித்தான். அந்த நாளில் ஊர்ப்பக்கம் வந்தது கரியைப் போட்டு ஓட்டுகிற பஸ். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். அதில் தொங்கிக்கொண்டு போய் வந்தான். பாடம் சுமார்தான். ஆனால் அங்கே இன்னாசி மாஸ்டர் என்று ஒரு டிரில் மாஸ்டர் இருந்தார். மெட்ராஸில் போய்ப் பயின்று வந்தவர். பள்ளி மைதானத்தில் இரண்டு மரத்தை நட்டு, உச்சியில் பலகை அடித்து, இரும்பு வளையம் மாட்டி, கூடைப்பந்து என்று ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். ஆத்மநாதன் எம்பினால் மற்றப் பையன்களின் தலைக்கு மேலே அவன் இடுப்பு தெரியும். ஊரில் இதைச் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

"கூடையில பந்தைப் போடுறதுக்கா பஸ்ஸேறிப் போறான் ஒந்தம்பி? நம்ம வீட்ல இல்லாத கூடையா?" என்று பங்காளி வீட்டு ராக்காயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சிரிக்கட்டும். மூக்காயிக்கு அந்த வளையத்தில்தான் உயிரே தொங்கிக்கொண்டிருந்தது. ஏனென்றால் இன்னாசி மாஸ்டர் ஒரு சங்கதி சொல்லியிருந்தார். திருச்சியில் ரயில்வே ஒர்க்ஷாப்பில் நன்றாக ஆடுகிற பையன்களை வேலைக்கு எடுக்கிறார்கள்; மாசி மாதம் நடக்கிற பந்தயத்தைப் பார்க்க அங்கிருந்து ஓர் ஆபீசர் வருவார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று ஆத்மநாதன் அடுப்படியில் உட்கார்ந்து சொன்னான்:

"வேலை கெடச்சா குவார்ட்டர்ஸ் குடுப்பாகளாம் அக்கா. நீ எங்கூட வந்துரு. எனக்குச் சோறாக்கிப் போட்டுக்கிட்டு நிம்மதியா இரு. இந்த வீட்டுல ஒனக்கு என்ன இருக்கு?"

இந்த வீட்டில் உனக்கு என்ன இருக்கு என்று அதுவரைக்கும் அவளை யாருமே கேட்டதில்லை. அடுப்புப் புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம். தம்பி ஜெயிக்க வேண்டும். தான் இந்தக் கொட்டகையை விட்டுப் போக வேண்டும்.

ஆடிவிட்டு வந்த காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று இன்னாசி மாஸ்டர் சில விதிகள் வைத்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் பொத்தென்று உட்காரக் கூடாது, மெல்ல நடக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர் குடிக்க வேண்டும். மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் தூக்கிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தூங்க வேண்டும். காலில் பலம் இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. பையனின் விரல் நுனியில் சுண்ணாம்பைத் தடவி, சுவரோரமாக நிற்க வைத்து எம்பச் சொல்வார். விரல் பட்ட இடத்தில் வெள்ளைப் புள்ளி விழும். ஓய்வெடுத்த கால் என்றால் புள்ளி மேலே. அசந்த கால் என்றால் கீழே.

தம்பி சொல்லக் கேட்ட மூக்காயி கொட்டகையின் பின்சுவரிலும் அதையே செய்யச் சொன்னாள். தன் கைவைத்தியத்தையும் சேர்த்துக்கொண்டாள். நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர், வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம், காய்ச்சிய நல்லெண்ணெய். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்பார்களே, அதை அவள் வேதமாக எடுத்துக்கொண்டாள். களத்தில் உதிர்ந்த எள்ளைக் கூட்டிப் பெருக்கிப் புடைத்து, அன்னவாசல் செக்கில் கொடுத்து ஆட்டி வாங்கி வந்தாள். தலை பரட்டையாகக் கிடந்தாலும் ஒரு சொட்டு தனக்கென்று தொடவில்லை. உளுந்தை வறுத்து அரைத்துக் கருப்பட்டி போட்டுக் களியும் கிண்டினாள். வாசம் பக்கத்திலிருந்த ராக்காயி வீட்டுக்குப் போகாமல் இருக்குமா?

"ஏடி மூக்காயி, என்னடி உளுந்தங்களி வாசம் தூக்குது? ஒந்தம்பி சமைஞ்சுட்டானா? குச்சு கட்டணும்னா சொல்லு, எங்க வீட்டுக்காரரு தென்னங்கீத்து வெட்டித் தருவாரு."

"ஒனக்கும் ஒரு உருண்டை தாரேன், தின்னுட்டு வாயை மூடு" என்றாள் மூக்காயி. அந்த நாட்களில் அவளுக்கும் சிரிப்பு வரும்.

சுவரில் புள்ளிகள் மேலே மேலே ஏறின. சாணி தட்டப் போகும்போதெல்லாம் அவள் நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துக்கொள்வாள்.

மாசி பிறந்தது. பந்தயத்தில் வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் ஆத்மநாதன் கட்சி ஜெயித்தது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஆட்டம். திருச்சி ஆபீசர் வருவது அதற்குத்தான். நடுவில் சனிக்கிழமை ஒரு நாள்.

"நாளைக்கு ஒரு கொடம் தண்ணிகூடத் தூக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லிட்டாரு அக்கா. படுத்தே கெடக்கணுமாம்" என்றான் தம்பி. தொடை இரண்டும் இறுகிப்போய் வந்திருந்தான்.

"படுத்துக்க. ஒன்னை நான் எழுப்புவேனா?" என்றாள்.

சனிக்கிழமை ஆண்பிள்ளை எண்ணெய் முழுகுகிற நாள். காலையில் தம்பியைக் கோவணத்தோடு உட்கார வைத்து, உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்தாள். கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக நீவி நீவி விட்டாள். வெந்நீர் ஊற்றிச் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி, மிளகு ரசம் விட்டுச் சோறு போட்டாள். எண்ணெய் முழுகியவன் பகலில் தூங்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது, வேலை செய்யக் கூடாது. இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான். நாகராசுக்கும் தெரியும்.

தம்பி சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு படுத்திருந்தான். அப்போதுதான் நாகராசு கொல்லையிலிருந்து வந்தார்.

சனிக்கிழமை பங்குக் கிணற்றில் அவர்கள் முறை. கேழ்வரகு கதிர் வாங்குகிற நேரம். முறை தவறினால் மறு முறை வருகிற வரைக்கும் சொட்டுத் தண்ணீர் கிடையாது. ஏற்றம் மிதிப்பது பிச்சை என்கிற கூலியாள்; அவன் மேலே துலாவில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, நாகராசு கீழே நின்று சால் பிடித்துத் தண்ணீரைக் கவிழ்ப்பார்.

"எலே, எந்திரி. பிச்சைக்குக் காச்சலாம், வரலை. வந்து ஏத்தத்துல ஏறு."

மூக்காயி கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"அய்யா, அவன் எண்ணெ முழுகிருக்கான். நாளைக்குப் பந்தாட்டம் இருக்குங்க. இன்னைக்கு ஒரு நாளு விட்ருங்க."

"வெளையாடப் போறவனுக்கு என்னடி அலுப்பு? அலுத்தா அது வேலை. வெளையாட்டுல அலுப்பு ஏது? எந்நேரமும் காலை நீவி விட்டு நீவி விட்டுப் பயலை நோயாளியாக்கிட்ட."

"ராக்காயி வீட்டு முறை திங்கக்கெழமைதானே? மாத்திக் குடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா குடுத்துருவாகய்யா. நான் வேணாப் போய்க் கேட்டுட்டு வாரேன்."

நாகராசுக்கு முகம் கறுத்துவிட்டது. தண்ணீர் முறையை மாற்றித் தரச் சொல்லிப் பங்காளி வாசலில் போய் நிற்பது அந்த ஊரில் லேசான காரியம் இல்லை. வீட்டில் சாவு விழுந்தால் கேட்பார்கள். மாடு செத்தால் கேட்பார்கள். மற்றபடி கேட்டவன் தலையைக் குனிந்துகொண்டுதான் அப்புறம் கிணற்றடிக்கு வரவேண்டும்.

"எம் மகன் பந்து வெளையாடணும், மொறையை மாத்திக் குடுங்கன்னு போய் நிக்கச் சொல்றியா? ஊரு காறித் துப்பும். அதுக்கு நான் அந்தக் கெணத்துலயே விழுந்து செத்துப்போறேன்."

"அப்ப நான் மிதிக்கிறேங்க."

"பொம்பளை ஏத்தத்துல ஏறுனா கெணறு வத்திப்போகும். போடி, போயி மடையைப் பாரு."

ஆத்மநாதன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பன் பின்னால் போனான். அவனுக்கு அப்பன் முன்னால் வாய் திறந்தே பழக்கம் இல்லை. வாய் திறக்காத பிள்ளை என்று ஊரில் நல்ல பெயர்.

முற்பகலில் ஏறியவன் பொழுது சாயும்வரை மிதித்தான். கஞ்சி குடிக்க மட்டும் இறங்கினான். மூக்காயி மண்வெட்டியோடு மடையில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டாள். ஒவ்வொரு பாத்தி நிரம்பும்போதும் நிமிர்ந்து அவன் காலைப் பார்த்தாள். காலையில் அவள் தேய்த்த எண்ணெய் வேர்வையோடு சேர்ந்து வழிந்து வெயிலில் மினுங்கியது. சாயங்காலத்துக்குள் அவன் துலாவில் திரும்பும்போது தடுமாற ஆரம்பித்துவிட்டான். வரப்பில் உட்கார்ந்து ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது அவளுக்கு. மடை உடைத்துக்கொள்ளும் என்று அழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உப்பு வறுத்து ஒத்தடம் கொடுத்தாள். தொடையைத் தொட்டால் கட்டை. கொட்டகைச் சுவரோரம் நிறுத்தி, "ஒரே ஒரு தரம் எம்பு தம்பி" என்று கெஞ்சினாள். எம்பினான். புள்ளி, வழக்கமான இடத்துக்கு ஒரு சாண் கீழே விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

"காலையில போன ஒடனே மாஸ்டர்கிட்ட உள்ளதைச் சொல்லிரு. ஏத்தம் மிதிச்சேன், கால் வரலைன்னு சொல்லு. அவரு ஏதாச்சும் ஒரு வழி பண்ணுவாரு."

"சொன்னா அய்யாவைத்தானே அக்கா தப்பாப் பேசுவாக."

"அய்யாவைப் பேசுனா பேசிட்டுப் போறாக!" என்று கத்திவிட்டாள் மூக்காயி. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை நாகராசுக்கும் டவுனில் கடலை மூட்டை இறக்குகிற வேலை இருந்தது. வண்டி கட்டினார். மூக்காயியும் கட்டுச்சோற்றுத் தூக்கோடு ஏறிக்கொண்டாள். ஆபீசர் அப்பனோடு பேச வேண்டும் என்று சொன்னாலும் சொல்வார் என்பதால் நாகராசு வெள்ளைத் துண்டு போட்டிருந்தார்.

மைதானத்து ஓரத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் கடலை விற்கிற பெண்களோடு நின்று மூக்காயி முதல் தடவையாக அந்த ஆட்டத்தைப் பார்த்தாள். விதியெல்லாம் அவளுக்குத் தெரியாது. தம்பியின் கால் தெரியும், அது போதும். விசில் ஊதிப் பந்தை மேலே போட்டபோது அவன் எம்பினான். எதிராளிப் பையனின் கைதான் பந்தைத் தட்டியது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் பந்து அவன் தலைக்கு மேலேயே போனது. கூட்டம் முதலில் "ஆத்மநாதா! ஆத்மநாதா!" என்று கத்தியது. பிறகு "என்னடா ஆச்சு ஒனக்கு!" என்று கத்தியது. இரண்டாம் பாதியில் வளையத்துக்குக் கீழே தனியாகப் பந்து கிடைத்தது அவனுக்கு. எம்பினான். கெண்டை பிரட்டிக்கொண்டது. காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டான். இரண்டு பையன்கள் தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் போட்டார்கள். ஆட்டம் அவனில்லாமல் முடிந்து, அவன் கட்சி தோற்றும் போனது. திருச்சி ஆபீசர் எதிர்க்கட்சிப் பையன் ஒருவனின் தோளில் தட்டிப் பெயர் கேட்டுக்கொண்டிருந்தார்.

இன்னாசி மாஸ்டர் வேகமாக வந்தார். நாகராசு, மூக்காயி, தரையில் கிடந்த ஆத்மநாதன், மூன்று பேரும் அவர் எதிரில்தான்.

"முந்தாநாள் புலி மாதிரி ஆடினியேடா. நேத்து என்ன செஞ்ச? மறைக்காமச் சொல்லு."

ஆத்மநாதன் அப்பாவைப் பார்த்தான். அப்பா துண்டைச் சரிசெய்துகொண்டார். அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

"எண்ணெ தேச்சுக் குளிச்சேன் சார். அக்கா தேச்சு விட்டுச்சு."

அவ்வளவுதான் சொன்னான். அதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள்! எண்ணெய் தேய்த்தது நிஜம், குளித்தது நிஜம், அக்கா தேய்த்ததும் நிஜம். ஏற்றம் மட்டும் அவன் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"எண்ணெயா! மேட்ச்சுக்கு மொத நாளு எண்ணெ முழுக்கா! உடம்பு துவண்டு போகாம என்ன செய்யும்?" மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "சும்மா படுத்துக் கெடன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடா!"

நாகராசு மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"நானும் சொன்னேனுங்க வாத்தியாரய்யா. இந்தப் பொம்பளைக எங்க கேக்குதுக? எந்நேரமும் காலைப் பிடிச்சு நீவி விட்டுக்கிட்டே கெடக்கும்."

மூக்காயி வாயைத் திறந்தாள். டவுன் ஆட்கள் பத்துப் பேர் சுற்றி நின்றார்கள். பெற்ற அப்பனைப் பொய்யன் என்று அத்தனை பேருக்கு முன்னால் சொல்ல வேண்டும். அதை விட, தம்பி சொல்லுவான் என்று ஒரு நம்பிக்கை. இதோ சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மாஸ்டர் போய்விட்டார். கூட்டமும் கலைந்துவிட்டது. கட்டுச்சோற்றை யாரும் பிரிக்கவில்லை. அதை அப்படியே தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

அதற்கப்புறம் ஊருக்கு வேறு வேலை என்ன? கிணற்றடியில், களத்தில், கோயில் வாசலில் எங்கேயும் இதே பேச்சு. பழைய கேலியெல்லாம் ராக்காயிக்கு மறந்துபோய், "பாவம் அந்தப் பய, அக்காளே எமனா வந்துட்டா" என்று உச்சுக் கொட்டினாள். அன்று அவன் ஏற்றம் மிதித்ததை அவள் வீட்டுக்காரரே வரப்பில் போகும்போது பார்த்தார். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவர்களுக்கு மதி எங்கே போயிற்று? மதி எங்கேயும் போகவில்லை. நாகராசைச் சொன்னால் நாளைக்குத் தண்ணீர் முறைக்கு முகம் பார்க்க வேண்டும். மூக்காயியைச் சொன்னால் யார் கேட்பார்கள்?

இரண்டொரு தடவை அவள் சொல்லிப் பார்த்தாள். "ஏத்தம் மிதிச்சதால வந்தது" என்றால், "நாங்கல்லாம் பொறந்ததுலேர்ந்து ஏத்தம் மிதிக்கிறோம், எங்களுக்குக் கெண்டை பெரட்டலையே" என்றார்கள். அவர்களை யாரும் மறுநாள் எம்பச் சொன்னதில்லை. இதை எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த வருஷம் கேழ்வரகு நன்றாக விளைந்தது. திரிகையில் போட்டு அதைத் திரித்தவளும் அவள்தான். பொங்கல் வந்தபோது வீட்டுக்கு வெள்ளையடித்தாள். கொட்டகைப் பின்சுவர் மட்டும் பாக்கி. மேலே ஏறிப் போயிருந்த புள்ளிகளையும், ஒரு சாண் கீழே தனியாகக் கிடந்த புள்ளியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னடி சுவத்தைப் பாத்து நிக்கிற, சுண்ணாம்பு காயுது" என்று அப்பா அதட்டினார். மட்டையைத் தோய்த்துத் தன் கையாலேயே அடித்து மூடினாள்.

அடுத்த மாசிக்கு முன்னால் இன்னாசி மாஸ்டரே வீடு தேடி வந்தார். நல்ல மனுஷர்தான், அவருக்குச் சொன்னதைத்தானே அவர் நம்ப முடியும்.

"நாகராசு, பையனுக்கு இது கடைசி வாய்ப்பு. ஒரு மாசம் எங்கூட டவுன்லயே இருக்கட்டும். இந்த எண்ணெ, களி, ஒத்தடம் ஒண்ணும் வேணாம். அந்தம்மா கை அவன் மேல படாமப் பாத்துக்கிட்டாப் போதும்."

"கூட்டிட்டுப் போங்க வாத்தியாரய்யா. அதான் நல்லது" என்றார் நாகராசு.

மூக்காயி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

ஒரு மாதம் ஆத்மநாதன் டவுனில் இருந்தான். சாப்பிட்டான், ஆடினான், தூங்கினான். தண்ணீர் முறை வந்த நாளெல்லாம் பிச்சையே ஏற்றம் மிதித்தான். கடைசி ஆட்டத்தில் ஆத்மநாதன் எம்பிய எம்பலை டவுனே பேசியது. திருச்சி ஆபீசர் அங்கேயே கூப்பிட்டு வேலை கொடுத்தார்.

"பாத்தியா? பாத்தியா? அவ கை படலை, ஜெயிச்சுட்டான்!" என்றது ஊர். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, போன வருஷம் ஏதாவது சந்தேகம் வைத்திருந்தவர்களுக்கும் இப்போது தீர்ந்துபோயிற்று. அவன் தப்பித்தது ஏற்றத்திடமிருந்து. பெயர் கெட்டது அக்காவுக்கு. என்ன நியாயமோ போங்கள்!

தகரப் பெட்டியோடு அவன் கிளம்பிய அன்று, சாலைவரைக்கும் பெட்டியைச் சுமந்துகொண்டு போனவள் மூக்காயி. பஸ் வருகிற தூசி தெரிந்ததும் கேட்டாள்:

"நான் எப்ப வாரது தம்பி?"

"பாப்போம் அக்கா. மொதல்ல போய் எறங்கிக்கிறேன். அய்யாவும் சம்மதிக்கணும்ல."

பஸ் ஏறியதும் திரும்பிப் பார்த்துக் கையசைத்தான். அதை மட்டும் நன்றாகச் செய்தான்.

யுத்தம் முடிந்தது. பினாங்கிலிருந்து திரும்பி வந்த ஒருவர், மூக்காயியின் புருஷன் எந்தக் காட்டிலோ ரயில் ரோடு போடப் போன இடத்தில் செத்துப்போனான் என்று சொன்னார். தாலியைக் கழற்றினார்கள். அதற்கும் மறு வருஷம் ஆத்மநாதனுக்குக் கல்யாணம் நடந்தது. குவார்ட்டர்ஸில் சோறாக்கப் பெண்டாட்டி போனாள். புதுப்பெண்ணை ராக்காயி வாசலிலேயே பிடித்துவைத்து எல்லாக் கதையும் சொல்லியிருந்தாள். அவளும் நாத்தனார் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்குவதற்கும் யோசித்தாள்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய்ச் சுதந்திர இந்தியாவோடு சேர்ந்த வருஷம், ஆத்மநாதன் திருவிழாவுக்குத் தனியாக வந்தான். ஒர்க்ஷாப்பில் பகலெல்லாம் நின்று வேலை, சாயங்காலம் ஆட்டம். முழங்கால் வீங்கியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் நாகராசு வாசல் வேம்படியில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தார். தம்பி மெல்ல அடுப்படிக்கு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து காலை நீட்டினான்.

"ரயில்வே டாக்டரும் பாத்துட்டாரு. ஒண்ணும் கேக்கலை அக்கா. ஒங் கை மாதிரி வராது. கொஞ்சம் எண்ணெ தேச்சு விடேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அய்யாவுக்குத் தெரிய வேணாம்."

மூக்காயி அடுப்பைத் தூண்டிக் கரண்டியில் நல்லெண்ணெயைக் காய்ச்சினாள். கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்து அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவன் வேட்டியை முழங்காலுக்கு மேலே ஏற்றிக்கொண்டான்.

"தேச்சு விடுறேன்" என்றாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லிரு. அய்யா அங்கதான் படுத்திருக்காக. அவுக காதுல விழுற மாதிரி சொல்லு. அன்னைக்கு ஒங் காலு கெட்டது எண்ணெயாலயா, ஏத்தத்தாலயா?"

ஆத்மநாதனுக்கு முகம் வெளுத்துவிட்டது. திருச்சியில் பேர்போன ஆட்டக்காரன். மீசை வைத்த ஆள். வாசலில் நாகராசு இருமுகிற சத்தம் கேட்டது. அவன் அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

"பழசையெல்லாம் இப்ப எதுக்கு அக்கா கெளறிக்கிட்டு?"

வேட்டியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தான். கொஞ்சம் நொண்டிக்கொண்டே வாசலுக்குப் போனான்.

மூக்காயி அவன் போவதைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், வெள்ளையடித்த பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டினாள். வெடித்துப் போன பாதம், பாத்தி பாத்தியாய் நடந்து தேய்ந்த குதிகால். எண்ணெய் இன்னும் சூடாகத்தான் இருந்தது. கை நிறைய அள்ளித் தன் கெண்டைக்காலில் கீழிருந்து மேலாக நீவினாள். மிச்சத்தைப் பரட்டைத் தலையில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"யாருடி அங்க, எண்ணெ வாசம் அடிக்குது? எவன் காலைக் கெடுக்கிற?" என்று வாசலிலிருந்து நாகராசு கத்தினார்.

"எங் காலுக்குத்தாங்க" என்று அவளும் கத்தினாள்.